கிளிமூக்கும் வெண்ணெயும்

2025 ஜூன் 20, வெள்ளி

ஆனி ஆறு. கூடத்துப் பத்தாயத்தடியில், அடுப்பங்கரைப் பரணில், கட்டிலுக்குக் கீழே வைக்கோலுக்குள் என்று காரைக்கால் பக்கத்து எங்கள் வரிச்சிக்குடியில் இப்போது மாம்பழம் இல்லாத வீடு கிடையாது. எங்கள் கொல்லை நீலம் இன்னும் முற்றவில்லை. வீட்டில் கிடப்பதெல்லாம் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து இறக்கியவை. பங்கனப்பள்ளி ஒரு சாக்கு, ருமானி ஒரு கூடை. காலாப்பாடி மட்டும் எண்ணிக் கொடுத்தார்கள். அதன் மரியாதை அப்படி.

பத்தாவது படிக்கும் மகள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த பழ டார்ட்டை இன்று செய்தேன். அச்சுத் தட்டு எதுவும் வேண்டாத வகை. மைதாவையும் வெண்ணெயையும் பிசறி வட்டமாகத் தேய்த்து, நடுவில் பழத்தைக் குவித்து, விளிம்பைக் கையாலேயே உள்பக்கம் மடித்து அப்படியே சூட்டடுப்பில் தள்ளிவிடுவது. பிரெஞ்சுக் கிராமத்து வீடுகளில் இதை கலெத் என்பார்கள். எனக்கு இதில் பிடித்ததே அந்த அலட்சியம்தான். விளிம்பு வெடிக்கலாம், சாறு வழிந்து தட்டில் கருகலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கேக் அப்படியில்லை. நடுவில் கொஞ்சம் குழி விழுந்தால் வீடே துக்கம் விசாரிக்கும்.

பங்கனப்பள்ளிதான் போட்டேன். 190 டிகிரி, நாற்பது நிமிடம். ஓடு நன்றாகவே வந்தது. உள்ளே இருந்தது பழமே இல்லை. வெந்த பங்கனப்பள்ளி பரங்கிக்காய் அல்வா மாதிரி ஆகிவிடுகிறது. இனிப்பு இருக்கிறது, நிறம் இருக்கிறது, மாம்பழ வாசம் ஆவியாகிப் போய்விடுகிறது. புளிப்பு முதலிலேயே கிடையாது. பச்சையாகத் தின்னும்போது அந்த வாசமே புளிப்பின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். அடுப்பில் அது போனபின் வெறும் இனிப்புதான் மிச்சம்.

மகள் முழுசும் தின்றாள். "ஐஸ்கிரீம் வெச்சா நல்லாருக்கும்" என்றாள். ஐஸ்கிரீம் வைத்தால் எதுதான் நன்றாக இருக்காது.


ஜூன் 24, செவ்வாய்

கிளிமூக்கு விலை விழுந்து கிடப்பதாகப் பத்திரிகையில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. சித்தூர்க்காரர்கள் தோத்தாபுரி என்பார்கள், கிருஷ்ணகிரியில் பெங்களூரா. கூழ் ஆலைகளில் பழைய சரக்கே தேங்கிக் கிடப்பதால் புதுப் பழத்தை எடுக்கத் தயங்குகிறார்களாம். இந்தப் பருவத்துக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று ஆந்திர அரசு வைத்திருக்கிறது. ஆலை 8 ரூபாய் தர வேண்டும், மீதி 4 ரூபாயை அரசே விவசாயிக்குக் கொடுக்கும். நெல் போடுகிற வீட்டில் இருந்துகொண்டு இந்தச் செய்தியைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது. மேட்டூர் 12-ஆம் தேதியே திறந்தாயிற்று. கடைமடையில் இருக்கும் எங்களுக்கு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருப்பதே இந்த மாதத்து வேலை.

கோட்டுச்சேரி கடைத்தெருவில் தள்ளுவண்டி நிறையக் கிளிமூக்கு. நீளமாக, நுனி வளைந்து, பாதி பச்சை பாதி மஞ்சள். பழுத்ததை ஒதுக்கிவிட்டுச் செங்காயாகப் பொறுக்கினேன். வண்டிக்காரருக்குச் சிரிப்பு. "செங்காய் கேக்குறவங்க எல்லாம் மொளகாத்தூள் போட்டுத் திங்கத்தான் கேப்பாங்க. நீங்க என்னக்கா, கிலோக்கணக்கா எடுக்குறீங்க?" காரைக்கால் கடற்கரையில் கீற்று கீற்றாக அரிந்து உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவது இதைத்தான். பழமாகத் தின்ன யாரும் முதலில் தேடிப் போகாத ரகம். வாசம் குறைவு. ஆனால் சதை கெட்டி, நார் இல்லை, செங்காயில் நல்ல புளிப்பு.

விரல் கனத்துக்கு அரிந்து, நாட்டுச் சர்க்கரை மூன்று கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சுக்குப்பொடி போட்டுப் பிரட்டி மடித்து வைத்தேன். வெளியே எடுத்தபோது துண்டு துண்டாக அப்படியே நின்றது. ஓரங்களில் மட்டும் சர்க்கரை இளகி ஒட்டிக்கொண்டிருந்தது. சூட்டில் புளிப்பு எழுந்துவிட்டது, பச்சையில் இருந்ததைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. வாயில் வைத்ததும் இது மாங்காயா மாம்பழமா என்று ஒரு விநாடி யோசிக்க வைத்தது. அந்த யோசனைதான் ருசி.

அம்மா ஒரு துண்டு தின்றுவிட்டு, "மாங்காப் பச்சடிய ரொட்டில கட்டிவெச்ச மாதிரி இருக்கு" என்றாள். புகழ்ச்சியா இல்லையா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.


ஜூன் 28, சனி

அத்தை நேற்று ராத்திரி வந்து சேர்ந்தார். பாரிஸுக்கு வடக்கே சர்செலில் இருக்கிறார். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். 1962 ஆகஸ்ட் 16-ல் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபின், எந்த நாட்டுக் குடிமகன் என்று எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் இருந்தது. தாத்தா பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்தில் குடும்பம் இரண்டாகப் பிரிந்துபோனது. அத்தை அந்தப் பக்கம், அப்பா இந்தப் பக்கம். காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவுக்கு வருகிற வருஷங்களில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே பந்தியில் உட்காரும்.

வந்ததும் வராததுமாக அடுப்பங்கரைக்குள் நுழைந்து மிச்சமிருந்த டார்ட்டைக் கிள்ளி வாயில் போட்டார். "இது எங்க அப்ரிகோ மாதிரியில்ல இருக்கு!" அந்த ஊரில் ஜூன், ஜூலையில் ஆப்ரிகாட் கூடை கூடையாக வருமாம். பச்சையாகத் தின்றால் சப்பென்று பஞ்சு மாதிரி இருக்கும், வாங்கினோமே என்று வருத்தமாக இருக்கும், அதையே டார்ட்டில் போட்டால் நாக்கைச் சுண்டும் என்றார். பிளம், புளிப்புச் செர்ரி, சமையல் ஆப்பிள் எல்லாம் இதே வகைதானாம். எனக்கு ஒரு முடிச்சு அவிழ்ந்தது. இந்தப் பண்டங்களைக் கண்டுபிடித்த ஊர்களில் இருந்ததெல்லாம் புளிப்புப் பழம். அதற்கு எதிர் நிற்கத்தான் அவ்வளவு வெண்ணெயும் சர்க்கரையும். அங்கிருந்து அளவைக் கொண்டுவந்து இங்கே தேனாகப் பழுத்த மாம்பழத்தின் மேல் கொட்டினால் திகட்டாமல் என்ன செய்யும்?

ஆனால் ஓட்டைப் பற்றி அத்தைக்குத் திருப்தி இல்லை. "அடுக்கு வரல. வெண்ணெ உருகிப் போயி மாவுல கலந்துடுச்சு. இந்த ஊர்ல பகல்ல மாவு பெசயலாமா?"

பேச்சில் நியாயம் இருக்கிறது. வெண்ணெய் 32, 35 டிகிரியில் இளகிவிடும். மேல்காற்று அடிக்கிற நாளில் எங்கள் அடுப்பங்கரையே அதைத் தாண்டி நிற்கும். வெண்ணெய் சின்னச் சின்னத் துணுக்காக மாவுக்குள் கெட்டியாக இருக்க வேண்டும். அடுப்புச் சூட்டில் அது உருகும்போது அதிலுள்ள நீர் ஆவியாகி மாவைத் தூக்கும். ஓடு அடுக்கடுக்காகப் பிரிவது அதனால்தான். முன்னாலேயே உருகிவிட்டால் கிடைப்பது பிஸ்கோத்து. அதுவும் மோசமில்லை, ஆனால் வேறு பண்டம்.

காலை நாலரைக்கு என்னை எழுப்பிவிட்டார். உறைபெட்டியில் கல்லாக இருந்த வெண்ணெயைக் கேரட் சீவியில் சீவி மாவில் உதிர்த்தோம். மைதா 200 கிராம், வெண்ணெய் 100, உப்பு ஒரு சிட்டிகை, ஐஸ் தண்ணீர் நாலு கரண்டி. உள்ளங்கை படக்கூடாது, விரல் நுனி மட்டும். ஒன்றுசேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். சப்பாத்திக்குப் பிசைகிற கை இதில் சும்மா இருக்கவே இருக்காது, அழுத்தி அழுத்திப் பிசையத்தான் பார்க்கும். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தார். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில். பிறகு தேய்த்து, பழத்துக்கு அடியில் வறுத்த ரவை இரண்டு கரண்டி தூவச் சொன்னார். பழம் விடுகிற சாற்றை ரவை குடித்துக்கொள்ளும், அடி நமுக்காது. பிரான்சிலும் இதையேதான் செய்வார்களாம். நான் பொட்டுக்கடலை மாவு போட்டுப் பார்க்கலாமே என்றேன். "போடு, யாரு வேணாங்கறா" என்றார்.

பொட்டுக்கடலை மாவு ரவையைவிட நன்றாக வேலை செய்கிறது. அத்தை ஒப்புக்கொள்ளவில்லை.


ஜூலை 2, புதன்

நாவல்பழம் வந்துவிட்டது. மெயின் ரோட்டோரத்து மரத்தடியில் தார் ரோடே ஊதாவாகக் கிடக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளின் நாக்கைப் பார்த்தாலே எந்த மரத்தடியில் நின்றார்கள் என்று சொல்லிவிடலாம்.

அத்தைக்கு நாவலைப் பார்த்ததும் கிளாஃபுத்தி ஞாபகம். பிரான்சின் நடுவில் லிமுசேன் என்ற பகுதியின் பண்டம். கறுப்புச் செர்ரியைத் தட்டில் பரப்பி, முட்டை, பால், மாவு கரைத்து மேலே ஊற்றி வேகவிடுவது. அந்த ஊர்க்காரர்கள் செர்ரியின் கொட்டையை எடுக்க மாட்டார்கள். கொட்டையிலிருந்து வாதுமை வாசம் பாலில் இறங்கும் என்பது அவர்கள் கட்சி. தின்கிறவர்தான் பார்த்துத் துப்ப வேண்டும். நாவல்பழத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதி எங்கே கிடைக்கும்? நாவல் கொட்டையைப் பழம் சிதையாமல் எடுக்க யாராலும் ஆகாது.

துவர்ப்புக்கு முதலில் வழி பார்த்தோம். கழுவி, உப்புப் போட்டுக் குலுக்கி, அரை மணி வெயிலில். சின்ன வயசில் டப்பாவுக்குள் போட்டுக் குலுக்கித் தின்ற அதே முறை. பிறகு உப்பை அலசிவிட்டு ஈரம் துடைத்துத் தட்டில். முட்டை மூன்று, சர்க்கரை 80 கிராம், மைதா 60 கிராம், பால் 300 மில்லி, உருக்கிய வெண்ணெய் இரண்டு கரண்டி. கட்டி இல்லாமல் கரைத்து மேலே ஊற்றி 180 டிகிரியில் நாற்பது நிமிடம். விளிம்பு பொங்கி நடுவில் லேசாக ஆட வேண்டும், அப்போதே எடுத்துவிடலாம்.

சோடா மாவு மட்டும் சேர்க்கவே கூடாது. நாவலின் ஊதா நிறம் புளிப்புப் பக்கம் சிவக்கும், சோடா பட்டால் நீலமாகிச் சாம்பல் தட்டும். தின்னலாம், பார்க்க முடியாது. ஒரு மூடி எலுமிச்சைச் சாற்றைப் பழத்தின் மேல் தெளித்ததில் நிறம் நின்றது. மஞ்சள் பாலேட்டுக்கு நடுவில் ஊதாக் குழிகள்.

துவர்ப்பு முழுக்கப் போகவில்லை. போயிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. பாலின் கொழுப்பை அது கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது. கிளிமூக்கு டார்ட்டைவிட இதுதான் எனக்கு மேல். அம்மா, "கொட்டையத் துப்ப ஆளுக்கொரு கிண்ணம் வையி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவளும் அத்தையும் தின்றுகொண்டே யார் வீட்டுக் கல்யாணத்திலோ நடந்த சண்டையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். கொட்டை உள்ள பண்டத்தில் இது ஒரு சௌகரியம், சீக்கிரம் தின்று தீராது. கொட்டைகளை அம்மா கழுவிக் காயவைத்துவிட்டாள், சர்க்கரை நோய்க்குப் பொடி இடிக்க.


ஜூலை 6, ஞாயிறு

நேற்று மத்தியானம் போன கரண்ட் சாயங்காலம் வரை வரவில்லை. பிசைந்த மாவும் அரிந்த பழமும் கையில். எதிர்வீட்டு லாத்தா திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, "கரண்டு எதுக்கும்மா? எங்க வூட்டு தம்ரூட்டெல்லாம் கரண்டுலயா வேகுது? எடுத்துட்டு வா" என்றார்.

காரைக்கால், நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பேக்கரி வருவதற்கு ரொம்ப முன்னாலேயே மேல்சூட்டில் வேகவைக்கிற வித்தை இருந்திருக்கிறது. ரவை, முட்டை, சர்க்கரை, பால், நெய் கிளறித் தேக்சாவில் கொட்டி, மூடிமேல் தணலைப் பரப்பினால் மேலே பொன்னாகச் சிவந்து வருவது தம்ரூட். சூட்டடுப்பு வாங்கிய நாளிலிருந்து நான்தான் இதை மறந்திருந்தேன்.

லாத்தா கொட்டாங்கச்சியைக் கொளுத்தித் தணலாக்கினார். விறகுக்கரியைவிட இதில் சூடு சீராக நிற்குமாம், புகை வாடையும் இல்லை. கணக்கு இதுதான்: தணலில் முக்கால் பங்கு மூடிமேல், கால் பங்கு அடியில். அடிச்சூடு கூடினால் சர்க்கரை கருகிவிடும். உள்ளே மணல் கொஞ்சம் பரப்பி, அதன்மேல் வளையம், வளையத்தின்மேல் தட்டு. மூடியை நடுவில் திறக்கவே இல்லை. "வாசம் சொல்லும்" என்று தஸ்பீஹை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஓடு தேய்த்து மடிப்பதெல்லாம் தணலில் சரிப்படாது என்று அத்தை கிரம்பிளுக்கு மாறிவிட்டார். பிசைந்த மாவையே உதிர்த்து இன்னும் கொஞ்சம் மாவும் சர்க்கரையும் சேர்த்துப் பழத்தின் மேல் தூவுவது, அவ்வளவுதான். இங்கிலாந்துப் பண்டம். 1940 ஜனவரியில் அங்கே வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்தது. ஓடு வைத்த பழப் பைக்கு வெண்ணெய் கட்டுப்படியாகாத அந்த நாட்களில்தான் இது வீட்டுக்கு வீடு பரவியது என்பார்கள். கையிருப்பு எதுவோ அதுதான் மேல்தூவல். நான் மைதாவில் கால் பங்குக்கு அரிசி மாவைப் போட்டுப் பெரிய துருவலாகத் தேங்காயும் உடைத்த முந்திரியும் சேர்த்தேன். அரிசி மாவு கொடுக்கும் மொறுமொறுப்பை மைதா கொடுக்காது. கீழே செங்காயோடு கொஞ்சம் அன்னாசி.

லாத்தா முஹர்ரம் ஒன்பதும் பத்தும் நோன்பு வைப்பவர். நேற்றும் இன்றும் நோன்பு. அதனால் நேற்று எங்களில் யாரும் மஃரிப் வரை அதைத் தொடவில்லை, எவ்வளவு சொல்லியும் கேட்காமல் கூடவே உட்கார்ந்திருந்தோம். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு கஞ்சி. கடைசியில் சூடாகவே இருந்த தட்டைத் திறந்தார். மேலே எங்கேயும் கருகவில்லை. சூட்டடுப்பில் இவ்வளவு சீராக எனக்கு வந்ததில்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

"புளிப்பு நல்லாருக்கு. சர்க்கர இன்னும் கொறைக்கலாம்" என்றார் லாத்தா. அத்தைக்கு இது பிடித்துவிட்டது. சர்க்கரையைக் குறைக்கச் சொல்லும் ஆளை இந்த ஊரில் இப்போதுதான் பார்க்கிறாராம்.

மிச்சத்தைத் தகர டப்பாவில் வைத்தேன். காலையில் நமுத்திருந்தது. கடற்காற்று இருக்கும் ஊரில் இதையெல்லாம் அன்றைக்கே தின்றுவிட வேண்டும். மறுநாளுக்கு என்று பிரெஞ்சுப் புத்தகங்கள் சொல்வது எதுவும் நமக்கு இல்லை.


ஜூலை 8, செவ்வாய்

மாங்கனித் திருவிழாவின் மாப்பிள்ளை அழைப்பு. பரமதத்தரை ஊர்வலமாக அழைத்து வருகிறார்கள். நாளைக்கு அம்மையாருக்கு, அதாவது புனிதவதியாருக்கு, திருக்கல்யாணம். ஊரிலிருந்து சனம் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. அடுப்பில் இட்லிக் குண்டானைத் தவிர எதற்கும் இடமில்லை.


ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. கைலாசநாதர் கோயிலுக்குக் காலையிலேயே போய்விட்டோம். பாரதியார் வீதியில் மாடி உள்ள சொந்தக்காரர் வீட்டில் இடம். பவழக்கால் சப்பரத்தில் பிட்சாடனர் வர வர, மாடியிலிருந்தும் தாழ்வாரத்திலிருந்தும் மாம்பழம் இறைக்கிறார்கள். கீழே சேலை முந்தானை, துண்டு, சட்டை, திருப்பிப் பிடித்த குடை. பிள்ளை வேண்டி நிற்கிறவர்கள் முகத்தை மட்டும் கூட்டத்தில் தனியாக அடையாளம் தெரியும். பழம் கையில் விழுந்ததும் அவர்கள் அதைப் பார்ப்பதில்லை, நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார்கள்.

சேக்கிழார் சொன்ன கதையில் எனக்கு எப்போதும் சிக்குகிற இடம், பரமதத்தனின் நாக்கு. கடைக்கு வந்தவர்கள் கொடுத்த இரண்டு பழங்களை வீட்டுக்கு அனுப்புகிறான். ஒன்றைப் பசியோடு வந்த அடியாருக்குப் போட்டுவிட்டாள் மனைவி. மிச்சத்தைத் தின்றவன் ருசியில் மயங்கி இன்னொன்றும் கேட்கிறான். இறைவன் தந்த பழத்தை அவள் கொண்டுவந்து வைத்ததும், இது அந்தப் பழம் இல்லை என்று ஒரே வாயில் கண்டுபிடித்துவிடுகிறான். வணிகன் நாக்கு. அந்த முதல் பழம் நாட்டு மாங்கனியாகத்தான் இருக்க வேண்டும். மாமரத்தை ஒட்டுக்கட்டுகிற முறை போர்த்துகீசியர் வந்தபின் 16-ஆம் நூற்றாண்டில் கோவாப் பக்கம் தொடங்கிப் பரவியது. அம்மையார் அதற்கு ஆயிரம் வருஷம் முந்தியவர். பங்கனப்பள்ளியும் காலாப்பாடியும் நினைத்துக்கொண்டு அந்தக் கதையைக் கேட்கக்கூடாது. நாரும் புளிப்பும் உள்ள சின்னப் பழத்தை உறிஞ்சிப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும்.

எங்கள் கைக்கு மூன்று பழம் வந்தது. மகள் பிடித்த ருமானி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அத்தை வழக்கம்போல, "அடிபட்ட பழம், இன்னிக்கே டார்ட்டுக்குப் போட்டுடு" என்றார். அடிபட்டது, காற்றில் உதிர்ந்தது, அரை அழுகல் இவற்றைக் காப்பாற்றத்தானே இந்தப் பண்டங்கள் எல்லாமே பிறந்தன.

அம்மா அடுப்பங்கரை வாசலிலேயே நின்றுவிட்டாள். "அண்ணி, அது சாமிக்கு எறச்ச பழம். முட்ட கரச்ச பாத்தரத்துல அது போகக்கூடாது."

"டார்ட்டுல முட்டையே இல்ல."

"அந்தத் தட்டுல போன வாரம் என்ன வெந்துச்சு?"

அத்தை வாயைத் திறந்து மூடிக்கொண்டார். கேள்விக்குப் பதில் எங்கள் எல்லோருக்கும் தெரியும். புதுத் தட்டு வாங்கி, நெய் மட்டும் போட்டு, வெள்ளிக்கிழமை கழித்து என்று நான் நடுவில் சமரசம் பேசப் போனேன். அம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை. பழங்களைக் கழுவி விளக்கு மாடத்துக்குக் கீழே வைத்துவிட்டாள்.

இந்த விஷயத்தில் நான் அம்மா பக்கம். சாத்திரத்துக்காக இல்லை. இது பழுத்த ருமானி, அடுப்பில் வைத்தால் வாசம் போகும். இன்று ஆயிரம் கைகள் மேலே நீண்ட தெருவில் இது என் மகளின் கைக்கு வந்திருக்கிறது. அதை 190 டிகிரியில் வைத்து என்ன ஆகப்போகிறது?


ஜூலை 11, வெள்ளி

நேற்று கோயில் அமுது படையலில் தயிர்சாதமும் மாம்பழமும். இன்று வீட்டிலும் அதேதான். தயிர்சாதம் பிசைந்து, ருமானியைத் தோலோடு நாலாகக் கீறி ஆளுக்கொரு துண்டு. நசுங்கிய பக்கம் அத்தைக்கு வந்தது. கேட்டு வாங்கிக்கொண்டார்.


ஜூலை 13, ஞாயிறு

கொல்லை நீலம் இறங்கத் தொடங்கிவிட்டது. நீலத்தின் வாசத்துக்கு ஈடு கிடையாது, அதேபோல அதன் வண்டுக்கும். வெளியே ஊசிமுனை ஓட்டைகூட இருக்காது, கொட்டையைப் பிளந்தால் உள்ளே ஆள் உட்கார்ந்திருப்பார். அறுத்துப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்க முடியாது. ஆகவே எல்லாம் கூழாகப் போகிறது.

அத்தை செவ்வாய்க்கிழமை கிளம்புகிறார். கடைசியாக ஒன்று செய்து காட்டிவிட்டுப் போகிறேன் என்று இரும்பு வாணலியைக் கேட்டார். லாமோத் பெவ்ரோன் என்ற ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விடுதி நடத்திய தத்தேன் சகோதரிகளின் பெயரில் வழங்கும் ஆப்பிள் டார்ட். பழம் அடியில், ஓடு மேலே. வெந்தபின் தட்டில் கவிழ்க்க வேண்டும். அவசரத்தில் தலைகீழாக வைத்ததால் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அத்தை அதை நம்பவில்லை. "விடுதி வெச்சு நடத்துற பொம்பளைங்களுக்குத் தெரியாதா, எதக் கீழ வைக்கணும், எத மேல வைக்கணும்னு?"

கிளிமூக்குதான். செங்காயிலும் கொஞ்சம் பழுப்பேறியது. தோல் சீவி, கொட்டையை ஒட்டி இரண்டு கன்னமாக வெட்டி, கன்னத்தை மறுபடி இரண்டாக. வாணலியில் 100 கிராம் சர்க்கரையைத் தண்ணீர் விடாமல் இளக்கி, தேன் நிறம் வந்ததும் வெண்ணெய் 50 கிராம், உப்பு. பழத்தை வளைவு கீழே இருக்கும்படி நெருக்கி அடுக்கி, கேஸ் அடுப்பிலேயே கால் மணி நேரம். சாறு விட்டு, அந்தச் சாறே வற்றி, பாகோடு சேர்ந்து பிசுக்காகும் வரை பொறுமை வேண்டும். பிறகு குளிர்ந்த ஓட்டைத் தேய்த்து மேலே போர்த்தி, ஓரத்தை உள்ளே செருகி, வாணலியோடு சூட்டடுப்புக்குள். கைப்பிடி உள்ள வாணலி நுழையாது, காது வைத்ததுதான் சரி. 200 டிகிரி, அரை மணி.

இது நம் ஊருக்கென்றே செய்த முறை. ஓடு சாற்றின் மேலே இருப்பதால் நமுப்பதில்லை. வெண்ணெய் முன்பின் இளகியிருந்தாலும் யாருக்கும் தெரியாது. வேண்டியதெல்லாம் குழையாத பழம். அது கிலோ எட்டுக்கும் பத்துக்கும் விற்கிற ரகமாக இருந்தால் இன்னும் நல்லது. கவிழ்த்தபோது ஒரு துண்டு வாணலியிலேயே ஒட்டிக்கொண்டது. அத்தை அதைக் கரண்டியால் எடுத்து இடத்தில் வைத்து விரலால் தடவிவிட்டார்.

லாத்தாவுக்கு ஒரு பங்கு போயிற்று. கால் மணியில் தட்டு திரும்பி வந்தது, உள்ளே வட்லாப்பம். வெறும் தட்டைத் திருப்புகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

அத்தை அளவையெல்லாம் என்னை எழுதச் சொல்லி மடித்து வைத்துக்கொண்டார். பொட்டுக்கடலை மாவையும் சேர்த்து எழுதினேன், ஒன்றும் சொல்லவில்லை. கிளிமூக்கு அங்கே பாரிஸின் லா ஷப்பேல் தமிழ்க் கடைகளில் வருமா என்று கேட்டதற்கு, வந்தால் பொன் விலை இருக்கும், ஆப்ரிகாட்டே போதும் என்றார்.

ராத்திரி பாத்திரம் கழுவும்போது அம்மா கேட்டாள். "ஆடி பொறந்தா பனம்பழம் உழ ஆரம்பிச்சிடும். கசப்பும் நாருமா இருக்கும், வாசமும் தூக்கும். அத ஒன் வெண்ணெயில என்ன பண்ணப் போற?"

சுட்டுத்தான் பார்க்க வேண்டும். கூழைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் நீர் வடியும், கசப்பும் கொஞ்சம் வடியலாம். புளிப்புக்கு எலுமிச்சை போதாது, புளியே கரைக்க வேண்டியிருக்கும். லாத்தாவிடம் நாளைக்குக் கேட்கிறேன்.